பட்டியலிலிருந்து விடுபட்ட உறுப்பு



ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு வைத்தியர் நம் மக்கள் முன் நின்று, ஆலோசனை அறையின் பத்து நிமிட அவசரம் இல்லாமல், ஒரு நோயைப் பற்றித் தமிழில் முழுமையாகப் பேசவேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவரின் விருப்பம். ஜேர்மனியின் றூர் பகுதியில் குடும்ப வைத்தியராகப் பணிசெய்யும் எனக்கு இந்த ஆண்டு அந்த வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. கல்லீரலில் கொழுப்புப் படியும் நோயை எடுத்துக்கொண்டேன். என்னிடம் வரும் தமிழர்களுக்குச் சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் நன்றாகத் தெரியும். சிலர் தங்கள் எண்களை மனப்பாடமாகவே சொல்வார்கள். ஈரலைப் பற்றிக் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த மூன்றோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய உறுப்பு அது. சேர்த்துப் பார்த்தவர்களும் இந்த நாட்டில்தான் இருந்தார்கள்.

அவர்கள் இருந்த நகரம் டிரெஸ்டன். அன்று அது கிழக்கு ஜேர்மனி. அங்கே ஹெர்மன் ஹல்லர் என்ற மருத்துவர் இரத்தக் கொழுப்புக் கூடியவர்களை ஆராய்ந்து 1977இல் ஒரு கட்டுரை எழுதினார். உடற்பருமன், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, யூரிக் அமிலம், ஈரல் கொழுப்பு ஆகியவை ஒரே உடம்பில் ஒன்றையொன்று தேடி வருகின்றன என்பது அவர் கண்டது. இந்தக் கூட்டத்தை அவர் வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி என்று குறிப்பிட்டார். 1981இல் அதே நகரின் கார்ல் குஸ்டாஃப் காருஸ் மருத்துவ அகாதமியைச் சேர்ந்த மார்க்கோல்ஃப் ஹானஃபெல்ட், வொல்ஃப்காங் லேயோன்ஹார்ட் இருவரும் அதற்கு விரிவான வரையறை கொடுத்தார்கள். பரம்பரையில் சாய்வு உள்ள ஒருவர் அளவுக்கு மிஞ்சி உண்டு, உடலை அசைக்காமல் இருந்தால், பருமனும் இரத்தக் கொழுப்புக் கோளாறும் நீரிழிவும் யூரிக் அமில மூட்டுநோயும் இரத்த அழுத்தமும் சேர்ந்து வரும். கூடவே இரத்தக்குழாய் தடிப்பும், கொழுப்பேறிய ஈரலும், பித்தப்பைக் கல்லும் வரும் என்றார்கள். இன்றைக்கு ஒரு மருத்துவ மாணவர் பரீட்சையில் எழுதவேண்டிய விடையில் ஏறக்குறைய எல்லாமே அந்தப் பந்தியில் இருக்கிறது.

கட்டுரை ஜேர்மன் மொழியில், கிழக்கு ஜேர்மனியின் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. எண்பதுகளில் நம்மவர்களில் எத்தனையோ பேர் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பேர்லினுக்குக் கடந்து வந்தார்கள். நாங்கள் அந்த மண்ணில் கால்வைத்த காலத்தில், எங்கள் உடம்புக்கு முப்பது ஆண்டுக்குப் பிறகு என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொல்லும் கட்டுரை அங்கே அச்சாகிக் கிடந்தது. உலகம் அதைப் படிக்கவில்லை. 1988இல் அமெரிக்காவில் ஜெரால்ட் ரீவன் ஆற்றிய பான்டிங் நினைவுச் சொற்பொழிவுதான் இன்சுலின் எதிர்ப்பு என்ற அடிப்படையை உலக மருத்துவத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தது. அது மிகப் பெரிய பணி. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ரீவனின் பட்டியலில் ஈரல் இல்லை. 2001இல் அமெரிக்கக் கொலஸ்ட்ரோல் வழிகாட்டு நெறி ஐந்து அளவைகளை வகுத்தது: இடுப்புச் சுற்றளவு, ட்ரைகிளிசரைட், நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல், இரத்த அழுத்தம், இரத்தச் சீனி. ஐந்தில் மூன்று இருந்தால் கூட்டறிகுறி உண்டு. உலகமெங்கும் வைத்தியர்கள் அந்த ஐந்தையே படித்தார்கள், அந்த ஐந்தையே அளந்தார்கள். ஈரல் பட்டியலிலிருந்து விடுபட்டது.

விடுபட்டதால் வந்த நட்டத்தை நான் நாள்தோறும் பார்க்கிறேன். பதினைந்து ஆண்டாக நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீனி அளவு பார்க்கிறார், ஆண்டுக்கு ஒருமுறை கண்ணும் காலும் சிறுநீரகமும் பார்க்கிறார். ஈரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறதா என்று ஒருவரும் பார்த்ததில்லை. யாரும் அசட்டையாக இருந்ததாக நான் சொல்லவரவில்லை. பார்க்கவேண்டியவற்றின் பட்டியலில் அது இல்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் ஈரலையும் நீரிழிவையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இந்த நாட்டு மருத்துவத்தில் மிகப் பழையது. ஃபிரீட்ரிக் தியோடோர் ஃபிரேரிக்ஸ் 1858இலும் 1861இலும் இரண்டு பகுதிகளாக வெளியிட்ட ஈரல் நோய்கள் பற்றிய நூல்தான் அந்தத் துறையையே நிமிர்த்தி நிறுத்தியது. பின்னர் அவர் பேர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் நீரிழிவை ஆராய்ந்தார். அவரிடம் உதவி மருத்துவராக இருந்தவர் பவுல் எர்லிக், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர். 1883இல் எர்லிக், உயிரோடிருக்கும் நோயாளியின் வயிற்றுத் தோல் வழியே ஊசி செலுத்தி ஈரலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்தார். தோல்வழி ஈரல் துணுக்குச் சோதனையின் தொடக்கம் அதுதான் என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அவர் தேடியது நீரிழிவுக்காரரின் ஈரலில் கிளைக்கோஜன் எவ்வளவு இருக்கிறது என்பதை. தோல் வழியே ஓர் ஈரலிலிருந்து முதன்முதலாகத் துணுக்கு எடுத்ததே நீரிழிவைப் புரிந்துகொள்வதற்காகத்தான்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் கீஸன் பல்கலைக்கழகத்தில் யுஸ்டுஸ் லீபிக் இருக்கிறார். விலங்கின் உடல் மாப்பொருளிலிருந்து கொழுப்பை உண்டாக்குகிறது என்று 1842இல் அவர் வாதிட்டார். சோளம் தின்று கொழுத்த வாத்தைச் சான்றாகக் காட்டினார். தீனியில் இருந்த கொழுப்பைவிட எத்தனையோ மடங்கு கொழுப்பு அதன் உடலில் இருந்தது. பாரிசில் அதைக் கடுமையாக மறுத்தார்கள். லீபிக் சொன்னது சரி என்று காலம் காட்டியது. கொழுப்பமிலங்களை உடல் எந்தப் படிகளில் கட்டுகிறது என்பதை விளக்கியவர்களில் ஒருவரான மியூனிக்கின் ஃபெயோடோர் லைனன் 1964இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த வரலாற்றை நான் ஆசைக்காகச் சொல்லவில்லை. “டொக்டர், நான் எண்ணெயே சேர்க்கிறதில்லை, பிறகு எப்படி ஈரலில் கொழுப்பு?” என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் லீபிக்கின் வாத்துதான் பதில். சோறும் பாணும் இடியப்பமும் சீனித் தேநீரும் உடம்புக்குள் போய்க் கொழுப்பாக முடியும். அந்த வேலை பெருமளவில் நடக்கும் இடமே ஈரல்.

அப்படியானால் ஈரலில் படியும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? 2005இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓர் ஆய்வு, நோயாளிகளுக்கு அடையாளமிட்ட அணுக்களைக் கொடுத்து இதை நேரடியாக அளந்தது. ஈரலில் இருந்த கொழுப்பில் 59 விழுக்காடு உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து இரத்தத்தில் வந்தது. 26 விழுக்காடு ஈரலே புதிதாகக் கட்டியது. சாப்பாட்டின் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 விழுக்காடுதான். இன்சுலின் நன்றாக வேலைசெய்யும் உடம்பில், சாப்பிட்ட பிறகு கொழுப்புத் திசு தன் கொழுப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்சுலினுக்கு அது செவிசாய்க்காதபோது கொழுப்பமிலங்கள் இரவும் பகலும் கசிந்து ஈரலுக்கு வருகின்றன. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் இன்சுலின் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் ஈரலைப் புதுக் கொழுப்புக் கட்டத் தூண்டுகிறது. கொழுப்பேறிய ஈரல் தன் பங்குக்குச் சீனியையும் ட்ரைகிளிசரைட்டையும் இரத்தத்தில் கொட்டுகிறது. சீனி ஏறுகிறது, எச்டிஎல் இறங்குகிறது. எது முதல், எது பின் என்று பிரிக்க முடியாதபடி சுற்றிக்கொள்ளும் வட்டம் இது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புத் திசு குதிர் போன்றது. குதிர் பெரிதாக இருந்தால் விளைச்சல் முழுவதும் அதற்குள் அடங்கும், சிறிதாக இருந்தால் நெல் திண்ணைக்கும் கூடத்துக்கும் வந்துவிடும். தெற்காசியரின் குதிர் சிறிது. 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. பூனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரின் உடல் நிறைச் சுட்டெண்ணும் ஒன்றே, 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எடை-உயரக் கணக்கு ஒன்றே, உள்ளே வேறு உடம்பு.

இதே உண்மையை எதிர்த்திசையிலிருந்து காட்டியவர்கள் டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் நோர்பர்ட் ஷ்டெஃபான் குழுவினர். 2008இல் வெளியான அவர்களின் ஆய்வில், உடல் பருத்திருந்தும் இன்சுலின் சரியாக வேலைசெய்யும் ஒரு பிரிவினரைக் கண்டார்கள். பருத்தவர்களுள் நோய்ப்பட்டவரையும் படாதவரையும் பிரித்துக் காட்டியதில் ஈரல் கொழுப்பு முன்னே நின்றது. பிற்பாடு அதே குழு, மெலிந்திருந்தும் வளர்சிதைமாற்றம் கெட்டவர்களைப் பார்த்தபோது, காலிலும் தொடையிலும் கொழுப்பைச் சேமிக்கும் திறன் அவர்களுக்குக் குறைவு என்று எழுதியது. டுசெல்டோர்ஃப் நகரின் ஜேர்மன் நீரிழிவு மையம் 2019இல் புதிய நீரிழிவுக்காரர்களை ஐந்து வகையாகப் பிரித்துப் பார்த்தது. இன்சுலின் எதிர்ப்பு மிகுந்த வகையினருக்கே ஈரல் கொழுப்பும் மிகுதி. என் அறைக்கு வரும் மெலிந்த கைகால், சிறிய தொப்பை, உயர்ந்த ட்ரைகிளிசரைட் கொண்ட நம்மூர் மனிதரை இந்த மூன்று ஆய்வும் சேர்ந்து எனக்கு விளக்கின.

எண்ணிக்கை எவ்வளவு? ஜேர்மனியின் வடகிழக்கு மூலையில், பால்டிக் கடலோரக் கிரைஃப்ஸ்வால்ட் நகரை மையமாகக் கொண்டு, 1997இலிருந்து ஒரு பெரும் மக்கள் ஆய்வு நடக்கிறது. நோயாளிகளைத் தேடாமல், ஊர்ப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்து அழைத்து, 4,300 பேருக்கு மேல் பரிசோதித்துத் தொடங்கிய ஆய்வு. பின்னர் அதில் முழுவுடல் எம்ஆர்ஐ சேர்த்தார்கள். எம்ஆர்ஐயில் ஈரல் கொழுப்பை அளந்த 2,561 பேரில் 42 விழுக்காட்டினருக்குக் கொழுப்பு வரம்பைத் தாண்டியிருந்தது. தாங்கள் நோயாளிகள் என்று நினைக்காத மக்கள் இவர்கள். இலங்கையில் கம்பகா மாவட்டத்து ராகமவில் 2,985 பேரை ஸ்கான் செய்து பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது, 32.6 விழுக்காடு. அதே ஆண்டு சென்னையில் மருத்துவர் மோகனின் குழு வெளியிட்டதில் 32 விழுக்காடு. நீரிழிவு உள்ளவர்களை மட்டும் பார்த்தால் 54.5 விழுக்காடு. சென்னையும் ராகமவும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானால் பார்த்தவை. ஈரலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்காவது கொழுப்பு ஏறினால்தான் அந்த ஸ்கானில் தெளிவாகத் தெரியும். எம்ஆர்ஐ வைத்துப் பார்த்திருந்தால் அந்த எண்கள் இன்னும் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கொழுப்பேறிய எல்லா ஈரலும் சுருங்கிப்போகாது. இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இன்றிரவு பலர் நித்திரை கொள்ளமாட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது கொழுப்போடு நின்றுவிடும். சிலருக்கு அழற்சி வரும். அவர்களில் சிலருக்குத் தழும்பு விழும். தழும்பு கூடிச் சிலருக்கு ஈரல் இறுகும், புற்றுநோயும் வரலாம். பல ஆண்டுகள் பிடிக்கும் பயணம் அது. வழியெங்கும் வலி இராது, ஏனென்றால் ஈரலின் உட்புறத்துக்கு வலி தெரியாது. இந்த நோய் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது ஈரலே அல்ல, இதயம். டிரெஸ்டன்காரர்கள் இரத்தக்குழாயையும் ஈரலையும் ஒரே பந்தியில் எழுதியதன் காரணம் இங்கே விளங்கும்.

விடுபட்ட உறுப்பு 2023 ஜூனில் பட்டியலுக்குத் திரும்பியது. ஐரோப்பிய, அமெரிக்க, இலத்தீன் அமெரிக்க ஈரல் சங்கங்கள் சேர்ந்து, 56 நாடுகளின் 236 வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு, நோயின் வரையறையை மாற்றின. அதுவரை மது குடிக்காதவரின் கொழுப்பு ஈரல் என்று, இல்லாத ஒன்றை வைத்து நோயை அடையாளம் கண்டார்கள். இப்போது இருப்பதை வைத்து அடையாளம் காண்கிறார்கள்: ஈரலில் கொழுப்பு, கூடவே ஐந்து அளவைகளில் ஒன்று. உடல் நிறைச் சுட்டெண் 25க்கு மேல், ஆசியருக்கு 23; அல்லது இடுப்புச் சுற்றளவு, நம் ஆண்களுக்கு 90 சென்டிமீற்றர், பெண்களுக்கு 80. வெறுவயிற்றுச் சீனி 100 அல்லது சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7. இரத்த அழுத்தம் 130க்கு 85. ட்ரைகிளிசரைட் 150. எச்டிஎல் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 அல்லது அதற்குக் கீழ். இவற்றுக்கு மருந்து எடுத்தாலும் அந்த அளவை இருப்பதாகவே கணக்கு. ஏறக்குறைய 2001இன் அதே ஐந்து. வீட்டில் அளவு நாடா இருந்தால் ஒன்றை இன்றிரவே பார்த்துவிடலாம். தொப்புள் மட்டத்தை அளக்கவேண்டாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து பாருங்கள்.

மதுவைப் பற்றி ஒரு சொல். ஐந்து விழுக்காட்டு பியர் அரை லீற்றரில் ஏறக்குறைய 20 கிராம் மதுசாரம் இருக்கிறது. புதிய வரையறையில் நாளொன்றுக்குப் பெண்ணுக்கு 20 கிராம், ஆணுக்கு 30 கிராம் வரைதான் இந்த நோய் வளர்சிதைமாற்றத்தின் கணக்கில் மட்டும் எழுதப்படும். அதற்கு மேல் ஓர் எல்லை வரை குடிப்பவருக்கு இரண்டும் சேர்ந்த வகை என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். சீனி வருத்தத்தோடு தினமும் இரண்டு போத்தல் குடிப்பவரின் ஈரலுக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது. அளவு குறைவென்று அவர் தன்னைத் தேற்றிக்கொள்வதில் பொருளில்லை.

ஆனால் என் மனதை வருத்துவது வேறு. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாதவர், ஸ்கான் முடிவைக் கேட்டுவிட்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தபடி சொன்னார்: “தம்பி, இதை ஆக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. குடிக்கிற மனிசி எண்டு நினைப்பினம்.” நீரிழிவைப் பற்றிக் கோயில் வாசலில் நின்று கதைப்பவர் அவர். ஈரலை மட்டும் மறைக்கிறார். மறைப்பதால் தன் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை; சொல்லாததால் அந்தப் பிள்ளைகள் தங்களைப் பரிசோதிக்கவில்லை. பரம்பரைச் சாய்வு உள்ள நோயில் இந்த மௌனம் ஒரு தலைமுறையைப் பலியெடுக்கும். ஈரல் கெட்டவன் குடிகாரன் என்ற எண்ணத்தை இந்த மண்டபத்திலிருந்தாவது நாம் விட்டொழிக்கவேண்டும்.

அந்த அம்மாவின் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். அகதி முகாமில் வேலை செய்ய அனுமதியில்லாமல் காத்திருந்த ஆண்டுகள். பிறகு உணவகச் சமையலறைகளில் இரவு வேலை. நள்ளிரவுக்குப் பின் வீடு வந்து, பகல் முழுக்கத் தவறிய சாப்பாட்டை ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கை. அப்படி உழைத்தவர்கள்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், ஊரில் வீடு கட்டினார்கள், 2002இல் ஹம் நகரில் காமாட்சி அம்மன் கோயிலுக்குக் குடமுழுக்குக் கண்டார்கள். அன்று நாற்பதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். தழும்பு வெளியே தெரியத் தொடங்கும் வயது இது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். இந்த நாட்டில் சட்டபூர்வக் காப்புறுதி உள்ள அனைவருக்கும் 35 வயதிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. நம்மவர்கள் பலர் அதைக்கூடப் பயன்படுத்துவதில்லை. அதில் சீனி பார்ப்பார்கள், கொழுப்புப் பார்ப்பார்கள், சிறுநீர் பார்ப்பார்கள். 2021 ஒக்டோபரிலிருந்து ஈரல் அழற்சி பி, சி கிருமிகளுக்கும் ஒருமுறை பார்க்கிறார்கள். ஈரலின் நொதிகளான ஜிபிடி, ஜிஓடி அந்தப் பொதியில் இல்லை. கிருமியைத் தேடுகிறோம், கொழுப்பைத் தேடுவதில்லை. ஹனோவரில் இயங்கும் ஜேர்மன் ஈரல் அறக்கட்டளை நொதிச் சோதனையைச் சேர்க்கச் சொல்லிப் பல ஆண்டாகக் குரல் கொடுக்கிறது. ரைன்லாண்ட்-ஃபால்ட்ஸ், சார்லாண்ட் மாநிலங்களில் இதைச் செய்தும் பார்த்தார்கள். ஏறக்குறைய 12,000 பேருக்கு வழக்கமான பரிசோதனையோடு ஈரல் நொதிகளையும் பார்த்தார்கள். முடிவு 2022இல் வந்தது. முறை வேலைசெய்தது, ஆனால் வழக்கமான மருத்துவத்தைவிட அது கூடுதலாகக் கண்டுபிடித்தவர்கள் சிறு தொகையினரே. இதை வைத்துச் சிலர் தேடுவதே வீண் என்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. எல்லோரிடமும் தேடினால் விளைச்சல் குறைவாகத்தான் இருக்கும். நீரிழிவுக்காரரிடமும், தொப்பையோடு பிரஷரோ கொழுப்புக் கோளாறோ உள்ளவரிடமும் தேடவேண்டும். 2024இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறியும் அதையே சொல்கிறது.

இந்தியா 2021இல் இந்த நோயைத் தன் தொற்றாநோய்த் திட்டத்துக்குள் சேர்த்துவிட்டது. வசதி குறைந்த நாடு முதலில் செய்த இந்த முடிவை வசதி மிகுந்த ஜேர்மனி கவனிக்கவேண்டும்.

தேடுவதற்கு என்ன செலவு? மூன்று இரத்த எண்களும் உங்கள் வயதும் போதும். ஓர் எடுத்துக்காட்டைச் சேர்ந்து பார்ப்போம். 52 வயது ஆண். ஜிஓடி 48, ஜிபிடி 64, இரத்தத் தட்டணுக்கள் 180 ஆயிரம். வயதை ஜிஓடியால் பெருக்குங்கள்: 2,496. ஜிபிடியின் வர்க்கமூலம் 8. அதைத் தட்டணுக்களின் 180ஆல் பெருக்கினால் 1,440. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.73. இதற்கு ஃபிப்-4 என்று பெயர். 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67க்கு மேல் போனால் ஈரல் நிபுணரிடம் போகவேண்டும். நம்முடைய 52 வயதுக்காரர் இடையில் நிற்கிறார்; ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கான் அவருக்குத் தேவை. வலியில்லை, ஊசியில்லை, பத்து நிமிட வேலை. 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் நிம்மதியாகப் போகலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ்வரம்பு 1.3 அல்ல, 2.0. முப்பத்தைந்துக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது.

ஜிபிடி வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அதோடு விடவேண்டாம். தழும்பு விழுந்த ஈரலிலும் ஜிபிடி ஒழுங்காக இருக்கக்கூடும். தட்டணுக்கள் ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டு வருவதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய அறிக்கைகளை எறியாமல் ஒரு கோப்பில் வைத்திருங்கள்.

சிகிச்சையில் முதலிடம் இன்னும் எடைக் குறைப்புக்குத்தான். கியூபாவின் ஹவானாவில் 293 பேரை ஓர் ஆண்டு கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இதில் உறுதியான சான்று. உடல் எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு ஈரல் அழற்சி நீங்கியது, 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. ஆனால் அந்த அளவுக்குக் குறைக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்வது என் வழக்கம். முதலாவதை மட்டும் சொன்னால், குறைக்க முடியாதவர் தன்னையே நொந்துகொள்வார். 80 கிலோ உள்ளவருக்கு 4 கிலோ இறங்கினாலே ஈரல் கொழுப்புக் குறையத் தொடங்கும், அங்கிருந்து ஆரம்பிக்கலாம். எடை இறங்காவிட்டாலும் நடையும் உடற்பயிற்சியும் ஈரல் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும்.

சாப்பாட்டில் நான் முதலில் கைவைப்பது குடிக்கும் சீனியில். கோலா வகைப் பானங்களில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 10 கிராம் சீனி. பிள்ளைகளுக்கு நல்லதென்று நாம் வாங்கிக் கொடுக்கும் அப்பிள் சாற்றிலும் அதே அளவுதான். அதில் இருக்கும் பிரக்டோசின் பெரும்பகுதியைக் கையாள்வது ஈரல். பிரித்தானியா 2018இல் சீனிப் பானங்களுக்கு வரி போட்டது, தயாரிப்பாளர்கள் சீனியைக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஜேர்மனி, நிறுவனங்கள் தாமாகக் குறைப்பதாகச் சொன்ன வாக்கை நம்பி வரியைத் தவிர்த்தது. அது பிழையான முடிவு என்பது என் உறுதியான கருத்து. நம் சங்கங்கள் இதைப் பற்றி அரசியல்வாதிகளிடம் பேசவேண்டும். சோற்றை விடச் சொல்ல மாட்டேன். தட்டில் பாதி மரக்கறியும், கால்வாசி பருப்பு, மீன் அல்லது முட்டையும், மீதிக் கால்வாசியில் சோறும் இருக்கட்டும். பால், சீனி இல்லாத கோப்பி ஈரலுக்கு நல்லது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன, குடிப்பவர்கள் தொடரலாம்.

கீழாநெல்லி பற்றி நம்மவர்கள் கேட்பார்கள். ஜேர்மனியர்கள் மரியன்டிஸ்டல் என்ற முட்செடியைப் பற்றிக் கேட்பார்கள்; அதிலிருந்து கொலோன் நகர நிறுவனம் ஒன்று எடுத்த மருந்து நஞ்சுக் காளான் தின்றவர்களைக் காப்பாற்ற இன்றும் உதவுகிறது. இரண்டுமே கொழுப்பு ஈரலின் தழும்பைக் குறைக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. குடிக்கிறீர்கள் என்றால் என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன்.

மருந்துகளில் இப்போதுதான் வெளிச்சம் வந்திருக்கிறது. ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவும் 2025 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதி கொடுத்தன. செமாகுளுட்டைட் ஊசிக்கு இந்த நோய்க்கான அனுமதி 2025 ஓகஸ்டில் அமெரிக்காவில் கிடைத்தது. இவை தழும்பு நடுத்தரமாகவோ அதற்கு மேலோ விழுந்து, ஈரல் இன்னும் இறுகாத நிலையில் உள்ளவர்களுக்கானவை. அந்த நிலை யாருக்கு என்று தெரியவேண்டுமானால் மேலே சொன்ன கணக்கைப் போட்டிருக்கவேண்டும். எடை குறைப்பதற்கென்று மட்டும் ஊசி எழுதினால் இங்குள்ள சட்டபூர்வக் காப்புறுதி பணம் கட்டாது. நீரிழிவுக்கு எழுதினால் கட்டும். ஆகவே உங்களுக்கு நீரிழிவு இருந்து, ஈரலிலும் கொழுப்பு இருந்தால், எந்த நீரிழிவு மருந்து ஈரலுக்கும் பயன்படும் என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு மேசைகள் போட்டிருக்கிறோம். ஒன்றில் இடுப்பும் பிரஷரும் அளப்பார்கள். மற்றதில் நான் இருப்பேன். கடந்த ஓராண்டுக்குள் எடுத்த இரத்த அறிக்கையின் படம் கைபேசியில் இருந்தால் கொண்டு வாருங்கள். ஃபிப்-4 கணக்கை அங்கேயே போட்டு, எண்ணை ஒரு துண்டில் எழுதித் தருகிறேன். 1.3க்கு மேல், 65 வயதைத் தாண்டியிருந்தால் 2.0க்கு மேல், வந்தவர்கள் அந்தத் துண்டை உங்கள் குடும்ப வைத்தியரிடம் காட்டி, ஃபைப்ரோஸ்கானுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மொழி தடையாக இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களும் அன்றைக்கே தங்கள் இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வரலாம்.